அரை இஞ்ச் கூடுதல்

திருப்பூர் வட்டாரத்தில் என்னை அதிகம் கோபப்படுத்தியவர் யார் என்று போட்டி வைத்தால், முதல் பரிசும் ஆறுதல் பரிசும் இஞ்ச் டேப் மாஸ்டருக்கே போகும். பனியன் கம்பெனியில் பல வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டு, திடீரென்று ஊத்துக்குளி ரோட்டில் ஜீப் ஒர்க்‌ஷாப் போட்டவர். கழுத்திலிருந்த இஞ்ச் டேப் மட்டும் இறங்கவேயில்லை.

செல்போனில் நமக்கு வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. என் அப்பாவுக்கு இடது தோள் இறுகிப்போய், கை முன்னால் நீளவில்லை. எங்கள் பழைய ஜீப்பின் கியர் ராடோ எட்டாத தூரத்தில் இருக்கும்; போடுவதற்குக் கையோடு பிடிவாதமும் வேண்டும். குன்னத்தூர் தோட்டத்துக்குத் தானே ஓட்டிப் போனால்தான் உண்டு, இன்னொருத்தன் ஓட்டினால் ஏறமாட்டேன் என்று அப்பா மூன்று மாதம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சோறும் சரியாக இறங்கவில்லை. வேறு வண்டியின் கியர் பாக்ஸ் ஒன்றை, கியர் லேசாக விழுகிற மாதிரி பார்த்து மாட்டித் தரச் சொல்லி மாஸ்டரிடம் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. அப்பாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து விரல் என்று டேப்பை ஓட்டினார்.

"ஏனுங்க மாஸ்டர், சட்டை தெக்கறீங்களா, கியர் பாக்ஸ் மாட்டறீங்களா?"

"இருங்க தம்பி. அளவில்லாம கத்திரி வெக்கக்கூடாதுங்க."

பத்து நாள் என்று சொல்லி வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். நீளமான வேன் கியர் பாக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதை ஜீப் இன்ஜினோடு சேர்க்க நடுவில் ஓர் இரும்புத் தகடு வேண்டும். பனியனுக்கு வெட்டுவது போலவே அட்டையில் பேட்டர்ன் வெட்டி லேத்துக்கு அனுப்பினார். தகடு வந்தது. ஒரு போல்ட்டும் ஓட்டையில் இறங்கவில்லை. சுற்றிலும் அரை இஞ்ச் பெரிசு.

"தொவைச்சா சுருங்குமேன்னு கூட உட்டுட்டனுங்க," என்றார் தலையைச் சொறிந்தபடி. "கைப்பழக்கம்."

"இரும்பு எந்தத் தண்ணியிலீங்க சுருங்கும்?"

"வாஸ்தவந்தானுங்க."

அடுத்த தகட்டுக்கு இன்னொரு பத்து நாள். தெருவில் எந்த வண்டி போனாலும், "நம்ம ஜீப்புங்களா கண்ணு?" என்று கேட்டு அப்பா என் உயிரை எடுத்தார்.

ஒருவழியாக வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராடு இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் மூடி. ராடு என் இடுப்போரம் சீட்டை ஒட்டி முளைத்திருந்தது. செகண்டு கியர் போட்டால் முழங்கை சீட்டின் முதுகில் இடித்தது.

"இதென்னங்க, ஓட்டறவன் முதுகு சொறிஞ்சுக்கறதுக்கா?"

மாஸ்டர் என்னை இறக்கிவிட்டு அப்பாவை ஏற்றினார். தோள் அசையாமலே அப்பாவின் கை மடியிலிருந்து நகர்ந்து ராடின்மேல் உட்கார்ந்தது. ஃபர்ஸ்ட், செகண்டு. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

"உங்களுக்கு நான் அளவெடுக்கலீங்களே தம்பி," என்றார் மாஸ்டர். "உங்க ஐயனுக்குத்தான் எடுத்தேன். அதுலயும் அரை இஞ்ச் பின்னாடி தள்ளி வெச்சிருக்கறனுங்க. வயசானா மனுசன் சுருங்குவாருங்கல்ல?"

அப்பா சுருங்கத்தான் செய்தார். ஆனாலும் கடைசி வரைக்கும் தோட்டத்துக்கு அவரேதான் ஓட்டிப் போனார்.

இப்போது ஜீப் என்னிடம்; எனக்கும் தலை நரைத்துவிட்டது. முழங்கை இடிக்கும்போதெல்லாம் மாஸ்டரை வாய்விட்டுத் திட்டுவேன். ராடை முன்னால் மாற்றித் தருவதாகச் சொன்ன மெக்கானிக்குகளை மட்டும் வண்டியைத் தொடவிட்டதில்லை. போன வாரம்தான் கவனித்தேன், முழங்கை முன்போல இடிப்பதில்லை. என் அளவையும் அந்த மனுஷன் அன்றைக்கே எடுத்துவிட்டார் போலிருக்கிறது.