தேத்தண்ணி கேட்ட விமானம்

வெள்ளவத்தை,
1938 மாசி, திங்கட்கிழமை.

அன்புள்ள தம்பி கொன்ஸ்ரன்ரைனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் சுகத்தை எழுதிக் கேட்கவேண்டிய தேவை இல்லை. நேற்று அதை என் கூரைக்கு மேலேயே பார்த்தேன்.

இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் எல்லோரும் கடற்கரையோடு உயரத்தில் போகிறார்கள். நீ மட்டும் தென்னைமர உயரத்துக்கு இறங்கி, இஞ்சினை அடக்கி, "அக்கா, தேத்தண்ணி வை!" என்று கத்துகிறாய். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்டது. முன்வீட்டு நமசிவாயம் மாஸ்டர் வாசலில் நின்று, வானத்தைப் பார்த்து, "ஓம் தம்பி, சீனி எத்தனை கரண்டி?" என்றார். பக்கத்து வீட்டு நளீபா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "டீச்சர், ஒங்கட தம்பிக்கு ரோட்டால வரத் தெரியாதா? எங்கட கோழியெல்லாம் கட்டிலுக்குக் கீழ பூந்திட்டு" என்றாள். நானும் சிரித்தேன். அப்போது இஞ்சின் திரும்பப் பிடிக்காமல் இருமியது. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன். மறுபடி இருமியபோது அதை ஒரு கட்டாக்கினேன். அவர் காப்பாற்றினார். நீ கையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாய்.

நான் கேத்திலை அடுப்பில் வைத்தேன். அப்பாவும் கொட்டாஞ்சேனையில் துறைமுக வேலை முடிந்து வரும்போது சந்தியில் நின்றே இப்படித்தான் கூப்பிடுவார். தண்ணீர் கொதிக்கிறதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். கத்துவதை அவரிடம் படித்துவிட்டாய், வருவதைப் படிக்கவில்லை. என்னையும் பழைய பழக்கம் விடவில்லை. இரண்டு கோப்பை ஊற்றிவிட்டு, பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசல் படலையைப் பார்த்தேன். கடைசியில் உன் தேத்தண்ணியை நளீபா குடித்தாள். ஆறிப்போச்சு என்று குறையும் சொன்னாள்.

உனக்கு வயது இருபத்தாறு. லைசன்ஸ் கிடைத்தால் மற்றவர்களையும் ஏற்றுவாய். அவர்களுக்கும் வீட்டில் ஓர் அக்கா இருப்பாள். உன் கை திறமான கை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கீழே ஒருத்தி அண்ணாந்து நிற்கிறாள் என்ற நினைப்பு தலையில் இல்லாவிட்டால் அந்தக் கையை வைத்து என்ன செய்வது? ஆகவே உன் பயிற்சித் துரைக்கு எல்லாவற்றையும் எழுதி உறையில் போட்டுவிட்டேன். புத்தி வரும்வரை உன்னைத் தரையில் இருத்தச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குத் தபாலில் சேர்ப்பேன். கோபிப்பாய். கோபித்துக்கொண்டாவது வா, பஸ்ஸில்.

அந்தோனியார் உன் இஞ்சினையும் புத்தியையும் சேர்த்துக் காக்கட்டும்.

உன் அக்கா,
பிறிஜெற்

பி.கு.: துரைக்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன். இந்த உறையை ஒட்டப்போன நேரம் விமானச் சத்தம் கேட்டது. கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் முற்றத்துக்கு ஓடினேன். வேறு யாரோ. நான் கையை ஆட்டியதையும் பார்க்கவில்லை. உயரத்தில், நேராக, ஒரு சத்தமும் போடாமல் இரத்மலானைக்குப் போனான். நல்ல பொறுப்பான பிள்ளை. எனக்கு அவனைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.