மாடியிலிருந்து இறங்கும் இன்டர்நெட்

ராஜா அண்ணாமலைபுரம்,
நவம்பர் 1999

சௌபாக்கியவதி மாளவிகாவுக்கு,

அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சௌக்கியம், இன்டர்நெட் மட்டும் சௌக்கியமில்லை. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளைச் சொல்லவும். அவர் போட்டுவிட்டுப் போன கேபிளைப் பற்றி நான் சொல்வதை மட்டும் சொல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போனில், எல்லாம் மெயிலில் எழுதியிருக்கிறேன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டாய். எங்கே பார்ப்பது? மாடியில் இருக்கும் உன் மாமனார் மனசு வைத்தால்தானே! மாப்பிள்ளை வந்திருந்தபோது மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வைத்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டர் மெயின், போன் ஒயர் அதற்குப் போகும், மற்றது கேபிள் வழியாக அதனிடம் வாங்கிக்கொள்ளும் என்றார். போன் நம்முடையது, கீழ்வீட்டில் இருப்பது. ஆகவே மெயின் நம்மாத்தில்தான் என்று நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் உன் மாமியார், "பிள்ளையாத்துல இல்லாம மெயின் வேற எங்க இருக்குமாம்?" என்றார். மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நம் போன் ஒயரை ஜன்னல் வழியாக மாடிக்கு ஏற்றிவிட்டார். அங்கிருந்து கேபிள் குளியலறைக் குழாயை ஒட்டிக் கீழே இறங்குகிறது. கல்யாணத்தில் முதல் பந்தி அவாளுக்கு, சரி, மோடத்துக்குமா சம்பந்தி மரியாதை? நம்ம போன்ல வர்றதை நாமே மாடியேறிப் போய்க் கெஞ்சி வாங்கிக்கணும்னா இது என்ன அக்கிரமம்.

உன் மாமனார் மாடியில் கம்ப்யூட்டரை அணைத்தால் நமக்கும் கிடையாது. திங்கட்கிழமை கேட்டேன், ராகுகாலம் என்றார். மறுநாள் இடி இடிக்கும் போலிருக்கிறது என்றார், வானம் வெளுத்துக் கிடக்கிறது. நேற்று, மிஷின் சூடாயிருக்கு, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்றார். மனுஷனா இவர்? தலைப்பிரசவம் பொண்ணாத்துப் பொறுப்பு. அம்மா எப்போ ப்ளேன் ஏறணும்னு நீ எழுதினது தெரியாம, அவ லேகியம் கிளறி டப்பாவுல போட்டு மூடியாச்சு, கண்ணாடி முன்னாடி நின்னுண்டு "மை டாட்டர், ஃபர்ஸ்ட் டெலிவரி"ன்னு ஆஸ்பத்திரி இங்கிலீஷ் பழகிண்டிருக்கா. அந்த மனுஷருக்கு ஈவிரக்கம் வேண்டாமா?

தேதியைத் தபாலிலாவது எழுது. நீயும் வயிற்றிலிருக்கும் சிசுவும் க்ஷேமமாயிருக்கக் கபாலீசுவரரை வேண்டும்,

அப்பா
சுப்பராமன்

பி.கு.: ஏரோகிராமை ஒட்டுவதற்கு முன், கடைசியாக ஒரு சண்டை போட்டுவிட்டு வரலாமென்று மாடிக்குப் போனேன். சம்பந்தி கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "உங்க பொண்ணு எங்காத்துக்காரியை வரச் சொல்லியிருக்கா சார். உங்காத்து மாமிக்கு இங்கிலீஷ் வராது, ஆஸ்பத்திரியில கஷ்டம்னு. உங்களுக்கும் அதைத்தான் எழுதியிருக்காளாம். மெயில்ல படிச்சு மனசு ஒடிஞ்சு போவேளேன்னுதான் அணைச்சே வச்சுண்டிருந்தேன்."

மேலே எழுதியதையெல்லாம் அடித்துத் திருத்த இடமில்லை, தாளில் இந்த மூலைதான் பாக்கி. கீழே வந்து கேபிளை நானே பிடுங்கிவிட்டேன். எலி கடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறாள். அவளுக்கு நீயே ஒரு கடிதம் எழுது. தமிழில் எழுது.