புகாரே வராத வால்வு

"முடியாது சார். இதை வாங்கலாம்னு நான் எழுதித் தர மாட்டேன்."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவருக்கு முதலில் கண்ணாடிதான் அழுக்காகும். வால்வு செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் டிசைனராகச் சேர்ந்த நாளிலிருந்து இவள் வாயில் முதலில் வருவது இந்த வார்த்தைதான். 'முடியாது மேடம்' என்று ஆபீஸே பெயர் வைத்துவிட்டது. அவளும் அதைப் பட்டம் வாங்கியது போலத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் விஷயம் சாதாரணமாகத்தான் இருந்தது. வால்வுக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று படம் காட்டினால்தான் ஆர்டர் என்று பெரிய வாடிக்கையாளர் ஒருவர் சொல்லிவிட்டார். இவள் கம்ப்யூட்டரில் வரையும் 'கேட்' (CAD) மாடலை அப்படியே வாங்கிக்கொண்டு, தண்ணீர் ஓட்டத்தைக் கலர் கலராகக் காட்டும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. எது நல்லது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது இவள் பொறுப்பு. சரியாகச் சொன்னால் வேலை நிரந்தரம்.

சோதனைக்கு முதலாளி தன் கையாலேயே டிசைன் செய்த பழைய வால்வை எடுத்துக்கொண்டாள். அதன் மேல் கம்பெனியின் பெயர், ஒரு ரோஜாப்பூ, தண்ணீர் போகும் பக்கத்தைக் காட்டும் அம்பு எல்லாம் புடைத்து நிற்கும்.

முதல் சாஃப்ட்வேர் ரோஜாவிலேயே மாட்டிக்கொண்டது. ஒவ்வோர் இதழையும் பொடிப்பொடியாகப் பிரித்துக்கொண்டு கம்ப்யூட்டர் நாள் முழுக்க முனகியது. பொறுத்துப் பார்த்தவள் மாடலிலிருந்து ரோஜாவையும் பெயரையும் அழித்தாள். முதலாளி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார்.

"ஐயோ, எங்க அப்பா பேரும்மா அது!"

"உங்க அப்பா பேருக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்ல சார்."

"அம்பையாவது விட்டு வச்சியே."

"அது இல்லாம தண்ணி எந்தப் பக்கமிருந்து வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அம்பு காட்டியபடியே தண்ணீரை ஓடவிட்டாள். வால்வுக்குள் ஒரே சிவப்பு. போன தண்ணீர் வழி தெரியாமல் முட்டி மோதித் திரும்பியது. வர வேண்டியதில் பாதிதான் வரும் என்றது சாஃப்ட்வேர்.

"பேரை அழிச்சா இப்படித்தான் ஆகும். வேற பாரு" என்றார் முதலாளி.

அடுத்தது நல்ல சாஃப்ட்வேர். கேட் மாடல் வரையும் அதே திரையிலேயே வேலை செய்தது. முதலாளி மனம் குளிரட்டும் என்று அப்பா பெயரையும் ரோஜாவையும் திரும்பப் பொருத்தியே ஓட்டினாள். பாதிகூட வராது என்று வந்தது. அவளுக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே குறையைச் சொல்கிறார்களே! முதலாளிக்குத்தான் ரத்தம் கொதித்தது.

"என் வால்வைத் திட்டுறதுக்கு நான் காசு கொடுத்து ஆள் வைக்கணுமா? எத்தனை வருஷமா விக்கிறோம்! டப்பா மேல எங்க வீட்டு போன் நம்பரையே போட்டிருக்கேன். அந்தத் தைரியம் யாருக்கு வரும்? இன்னைக்கு வரைக்கும் ஒரு புகார் என் காதுக்கு வந்ததில்ல!"

மூன்றாவது கம்பெனியின் விற்பனைக்காரர் லேப்டாப்போடு நேரிலேயே வந்தார். அவர் காட்டிய படத்தில் தண்ணீர் நீல நிறத்தில் அலுங்காமல் குலுங்காமல் போனது. முதலாளி முகம் மலர்ந்தது.

"எப்படிங்க இது?" என்றாள் முடியாது மேடம்.

"இதுல 'சுலபம்'னு ஒரு பட்டன் இருக்கு மேடம். நடுவுல இடிக்கிற வளைவு, தடுப்பு எல்லாத்தையும் அதுவே எடுத்துடும்."

"எடுத்துட்டா அப்புறம் வால்வு எங்க இருக்கு?"

"வெறும் பைப்புதான் இருக்கும். ஆனா பார்க்க நல்லா இருக்கும்ல?"

"இதுதான் சாஃப்ட்வேர்!" என்று முதலாளி மேஜையைத் தட்டினார். அதற்குத்தான் அவள் முடியாது என்றாள்.

"எழுதிக் கொடு. இல்லன்னா நாளைக்கு வராதே."

"வேலை போனா போகட்டும் சார். பொய்ப் படத்துக்குக் கீழ என் கையெழுத்து வராது."

"அப்ப என் வால்வு மட்டம்னு சொல்றே. எங்க வீட்டு பாத்ரூம்லயும் அதே வால்வுதான். வா, வந்து உன் கண்ணாலயே பாரு!"

வீடு கம்பெனிக்குப் பின்னாலேயே இருந்தது. விற்பனைக்காரரும் ஒட்டிக்கொண்டார். கூடத்தில் முதலாளியின் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"எப்பப் பார்த்தாலும் போன்ல அரட்டை" என்று முணுமுணுத்தபடி முதலாளி பாத்ரூமுக்குள் நுழைந்து, நேராகப் போய் ஷவரைத் திறந்தார்.

தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எட்டிப் பார்க்க உள்ளே போன விற்பனைக்காரர் கோட்டு சூட்டோடு குளித்து முடித்தார்.

"பார்த்தியா? பாதிகூட வராதா? இப்ப என்ன சொல்றே?"

அவள் கொட்டும் தண்ணீரையும் மேலே இருந்த வால்வையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு சாஃப்ட்வேருமா தப்பு? தானும் தப்பா? வேலை கையை விட்டுப் போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஆனாலும் நாக்கு பழக்கத்தை விடவில்லை.

"முடியாது சார். தண்ணி நல்லா வருது, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் படம் பொய்தான். ஒரு ஸ்டூல் கொடுங்க. மேல இருக்கிற வால்வை நான் கிட்டப் போய்ப் பார்க்கணும்."

"ஸ்டூலும் கிடையாது, வேலையும் கிடையாது!"

முதலாளியின் மனைவி நனைந்தவருக்குத் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் கூடத்தில் மறுபடியும் போன் அடித்தது. சலிப்போடு போய் எடுத்தார். அவர் குரல் பாத்ரூம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஆமாங்க, அந்த வால்வு கம்பெனிதான்... சொட்டு சொட்டாத்தான் வருதா? ஒண்ணும் பயப்படாதீங்க, போன் பண்ற எல்லாருக்கும் சொல்றதுதான். மேல அம்பு போட்டிருக்கு பாருங்க, அதுக்கு நேரெதிரா திருப்பி மாட்டிடுங்க. எங்க வீட்லயும் அப்படித்தான் மாட்டியிருக்கோம்."