நடுப்பேட்டை விலைக்கு வந்த கதை

தண்ணீரைவிடத் தீவுகள் அதிகம் என்று மீனவர்கள் கேலி பேசும் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. முத்துத்தீவகம் என்று பெயர். அங்கே அரசரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் நாளில் மக்கள் தங்கள் வரிசையில் நின்றார்கள். மற்ற நாட்களில் அரசர் சொன்ன வரிசையில் நின்றார்கள். உலகத்துக்கே வழிகாட்டும் ஏற்பாடு இது என்று அரண்மனைப் புலவர்கள் பாடி வைத்திருந்தார்கள்.

தலைநகரின் நட்ட நடுவில், கால்வாய் வளைந்து திரும்பும் இடத்தில், நடுப்பேட்டை இருந்தது. சுற்றிலும் வணிகர்களின் கண்ணாடி மாளிகைகள். நடுவே, மரக்கால்களின் மேல் நெருக்கியடித்து நிற்கும் பலகை வீடுகள். மழைக்காலத்தில் கால்வாய் பொங்கிக் கரையை அரிக்கும்போது, பேட்டைக்காரர்கள் குடைந்த மூங்கில் ஒன்றைத் தட்டுவார்கள். உடனே ஆணும் பெண்ணும் ஓடி வந்து, வீட்டின் அடியில் கழிகளைக் கட்டி, வீட்டை அப்படியே தோளில் தூக்கி மேட்டுப்பக்கம் வைத்துவிடுவார்கள். வீட்டுக்காரர் உள்ளேயே இருக்க வேண்டும். இறக்கியதும் எல்லாருக்கும் சோறு போட வேண்டும். தோள்கொடுப்பு என்று அதற்குப் பெயர். வீட்டின் கால் ஊன்றிய இடம் வீட்டுக்காரருக்குச் சொந்தம் என்பது பழைய அரசர்கள் ஒப்புக்கொண்ட சட்டம். தோள் கொடுக்க வந்தவர்கள் எங்கே, ஏன் என்று கேட்பதில்லை. கேட்டால் அது அவமரியாதை. அந்த மரியாதைதான் அவர்கள் குடியைக் கெடுத்தது.

பேட்டையில் சோற்றுக்கடை நடத்தியவள் பவளக்கொடி. தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் போட்டு அவள் வைக்கும் மீன் குழம்பின் மணம் கால்வாயைத் தாண்டிப் போகும். கடையும் அதுதான், வீடும் அதுதான். புருஷன் கடலோடு போன பிறகு அவள் சொந்தமென்று பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒரு வீட்டைத்தான். பேட்டையின் மூங்கிலும் அவள் வாசலில்தான் தொங்கியது.

ஒருநாள் முதலீட்டு அமைச்சர் நற்செய்தியார் பூப்போட்ட பட்டுச்சட்டையில் வந்து இறங்கினார். கூடவே ஒரு பறையடிப்பவன், ஒரு குடைபிடிப்பவன், வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு வெளித்தீவுச் சீமான்.

"இன்று முதல் நடுப்பேட்டை இந்த ராஜ்ஜியத்தின் இதயம் என்று மாமன்னர் அறிவித்திருக்கிறார்" என்றார் அமைச்சர்.

"இதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சு, சாமி?" என்று கேட்டான் பக்கத்து வீட்டுப் படகுக்காரன் சவரி.

"ஆவணங்களில் குடல் என்று இருந்தது. திருத்திவிட்டோம்."

பறையடிப்பவன் தொடர்ந்தான். நடுப்பேட்டையில் வாழ்வதே வாழ்வு. நடுப்பேட்டையில் முதலிடுவதே அறிவு. சந்தை நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அண்டை வீட்டார் அன்பானவர்கள். வாசல்தோறும் மீன் குழம்பு மணக்கும்.

பவளத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன், ராஜ அறிவிப்பில் தன் குழம்பு ஏறினால் யாருக்குத்தான் குளிராது? சீமானை உட்காரவைத்து வாழையிலை விரித்து வயிறாரப் போட்டாள். அவர் விரலை நக்கிக்கொண்டே கால்வாயைப் பார்த்தார். அமைச்சரின் காதில் ஏதோ சொன்னார்.

"அம்மையே, சவரியின் வீடு காட்சியை மறைக்கிறதாம். சற்றே தள்ளி வைத்தால் ராஜ்ஜியம் உங்களுக்குக் கடமைப்படும்" என்றார் அமைச்சர்.

வீட்டைத் தள்ளி வைப்பது பேட்டையில் புதிய காரியமா? பவளமே மூங்கிலைத் தட்டினாள். எல்லாரும் வந்தார்கள். கொடி பிடித்த சேவகன் முன்னே நடக்க, வீடு பின்னே நடந்தது. மேடு தாண்டியது. சந்தை தாண்டியது. பாலம் தாண்டியது. வாய் திறந்து ஒருவரும் கேட்கவில்லை. ராஜபாட்டையின் கோடியில், உப்பளத்துக்கும் அப்பால், கொசு மொய்க்கும் சதுப்பில் சேவகன் கொடியை ஊன்றினான். அங்கே வீட்டை இறக்கினார்கள். சவரி முறைப்படி எல்லாருக்கும் சோறு போட்டான்.

"காத்து நல்லாத்தான் வருது" என்றான் சவரி. அவன் படகு கால்வாயில் கிடந்தது. பவளம் அவன் போட்ட சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்? சவரியின் வீடு இருந்த இடத்தில் சீமானுக்கு ஒரு கோடை மாளிகை எழுந்தது. அதன் பின்னால் சட்டங்கள் வரிசை கட்டி வந்தன.

முதலில் இயல்பு வாழ்க்கைச் சட்டம். சீமான்கள் உலாவரும் நேரத்தில் குடிகள் வாசலில் உட்கார்ந்து இயல்பாக வாழ வேண்டும். சிரிப்பு கட்டாயம், பல் தெரிந்தால் நலம். அழுகின்ற குழந்தைகளைப் பின்கட்டில் வைத்துக்கொள்ளலாம். அடுத்தது காட்சிச் சட்டம். கால்வாயை விலை கொடுத்து வாங்கியவர்கள் இருக்க, இலவசமாகப் பார்ப்பது திருட்டு. ஆகவே பேட்டைக்காரர்கள் கால்வாய்ப்பக்கத்து ஜன்னல்களைப் பலகை வைத்து அடைக்க வேண்டும். அதன்பின் மணச் சட்டம். குழம்பு மணக்கலாம், மீன் நாறக்கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தீர்மானிக்க மூக்கதிகாரி என்று ஒருவரை நியமித்தார்கள். அவருக்குத் தீராத ஜலதோஷம்; ஆனாலும் அரசரின் மைத்துனர்.

இதையெல்லாம்கூடப் பேட்டை சகித்துக்கொண்டது. சகிக்க முடியாதது மதிப்புச் சட்டம். அதை அமைச்சரே நேரில் வந்து பவளத்துக்கு விளக்கினார்.

"உங்கள் வீடு நிற்கும் மண்ணின் மதிப்பு பல மடங்கு கூடிவிட்டது. மனமார்ந்த வாழ்த்துகள். அதனால் இனி நீங்கள் இங்கே இருக்க முடியாது."

"என் மண்ணு மதிப்பு கூடுனா எனக்குத்தானே நல்லது?"

"மதிப்புக்கேற்ற மனிதர்கள் இருந்தால்தானே அம்மையே மண்ணுக்கு நல்லது!"

"நான் போகமாட்டேன் சாமி. என்னைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவீங்களா?"

அமைச்சர் காதுகளைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! இது மக்களின் அரசு. குடிமக்கள் மேல் கை வைக்க மாட்டோம்."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். அரசின் கை எவர்மேலும் படவில்லை. அதற்குப் பதிலாக, பண்பாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோள்கொடுப்பு என்னும் உன்னத மரபு அழியாமல் காக்க, பவளத்தின் வாசலில் இருந்த மூங்கிலை அரசு அவிழ்த்துக்கொண்டு போனது. இனி அதை அமைச்சர் மட்டுமே தட்டலாம். தட்டினால் வராதவன் மரபைக் கொன்ற குற்றவாளி. எங்கே என்று கேட்பவனும் அப்படியே.

மூங்கில் ஒலித்தது. பேட்டை போனது. ஒரு வீட்டை ஒன்பது வீட்டுக்காரர்கள் தூக்கிப் போனார்கள். மறுநாள் அந்த ஒன்பதில் ஒன்றை மற்றவர்கள் தூக்கிப் போனார்கள். தன்னைத் துரத்துவதற்குத் தோள் கொடுத்தவர்களுக்கு, துரத்தப்பட்டவன் கடன் வாங்கிச் சோறு போட்டான். ஒரு காவலன் தடியை ஓங்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. மக்கள் தாமாகவே விரும்பி இடம்பெயர்கிறார்கள் என்று பறை அறிவித்தது. எண்ணிப் பார்த்தால் வயிறு பற்றி எரிகிறது. ஒரு ஊரின் கெட்ட குணத்தை வைத்து அதைக் கெடுப்பவனைப் பார்த்திருக்கிறோம். அதன் நல்ல குணத்தையே கயிறாகத் திரித்து அதன் கழுத்தில் போட்டவர்களை என்ன செய்வது?

இதற்கு நடுவில் தேர்தலும் வந்தது. வீடு இடம் மாறும் பருவத்தில் கால் ஊன்றாத குடிகளுக்கு வாக்கு இல்லை என்று தேர்தல் அதிகாரி வருத்தத்தோடு விளக்கினார். நடுப்பேட்டையில் கோடை மாளிகைச் சீமான்கள் வாக்களித்தார்கள். அரசர் மறுபடியும் அமோகமாக வென்றார்.

அவர் பட்டமேற்கும் நாள் காலையில் மூங்கில் ஒலித்தது. மிச்சம் இருந்த ஒரே வீடு பவளத்தினுடையது.

சதுப்பிலிருந்து எல்லாரும் நடந்து வந்துவிட்டார்கள். கொசுக்கடியில் தடித்த முகங்கள். முன்னால் சவரி, கழியும் கையுமாக.

"அண்ணே, நீயுமா?"

"மூங்கில் கேட்டுச்சே பவளம். வராம எப்படி இருக்கறது?" அவன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"உன் வீட்டுக்கு நான்தான் தட்டினேன். எங்கேன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாக்கா அழுகியிருக்கும்? எனக்கும் வேணும், உனக்கும் வேணும். தூக்கு."

அவள் உள்ளே போய்ச் சட்டி பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். வீடு எழுந்தது. பலகைச் சுவர்கள் முனகின. அடைத்த ஜன்னலின் இடுக்கு வழியே கால்வாய் நகர்ந்து மறைவதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. யார் வீட்டுத் திருமணத்துக்குக் குழம்பு வைத்தாளோ, யார் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டினாளோ, அவர்கள் எல்லாம் அவளைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவராவது நின்று "முடியாது" என்று சொல்ல மாட்டார்களா என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கால்கள் நடந்துகொண்டே இருந்தன.

ராஜபாட்டை முடிகிற இடத்தில் வீடு நின்றது. சதுப்பைச் சுற்றிப் புதிய வேலி. வேலியில் பெரிய பலகை. ராஜ்ஜியத்தின் இதயம், இரண்டாம் பாகம்.

"உள்ளே எங்க வீடெல்லாம் இருக்கு!" என்று சவரி கத்தினான்.

"இன்று காலை நீங்கள் தோள் கொடுக்கப் புறப்பட்ட பின் விற்பனையாகிவிட்டது" என்றார் அங்கே நின்ற அமைச்சர். "உங்கள் வீடுகளையும் நீங்களே எடுத்துப்போகலாம். வரிசை முறைப்படி. அவசரமில்லை."

"இதை எங்கே வைக்க?"

தோள்கொடுப்பின் நெடிய வரலாற்றில் அந்தக் கேள்வி முதன்முறையாகக் கேட்கப்பட்டது. கேட்டவன் சவரி. அமைச்சர் தம் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் வானத்தைப் பார்த்தார்.

"அடுத்த அறிவிப்பு வரும் வரை தூக்கிக்கொண்டே இருங்கள்" என்றார் அமைச்சர்.

தூக்கிக்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏறியது. கழி அழுத்திய தோள்கள் கன்றிச் சிவந்தன. ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவள் இடத்தில் இன்னொருத்தி தோளை நுழைத்தாள். நகரும் குடிகள் என்னும் புதிய சாதனையை வரைய அரண்மனை ஓவியர் ஒருவர் வந்து சேர்ந்தார். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

வீட்டுக்குள்ளிருந்து பவளத்தின் குரல் வந்தது. "இறக்குங்க."

"எங்க பவளம்?"

"இங்கதான். என் வீட்டை எங்க வைக்கணும்னு நான் சொல்றேன். இறக்கு அண்ணே!"

ராஜபாட்டையின் நடுவே, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அடைத்துக்கொண்டு, வீடு கால் ஊன்றியது. பவளம் ஜன்னல் பலகைகளை உலக்கையால் இடித்துத் தள்ளினாள். அடுப்பை மூட்டினாள். முறை முறைதானே; தூக்கியவர்கள் பாதையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். குழம்பு கொதிக்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து, ராஜபாட்டையைக் கோடிவரை வலம்வரும் பட்டமேற்பு ஊர்வலம் வந்தது. யானைகள் நின்றன. குதிரைகள் நின்றன. பின்னால் அரசரின் பல்லக்கும் நின்றது. அமைச்சர் நற்செய்தியார் வியர்த்து விறுவிறுத்து மூங்கிலை வரவழைத்துத் தாமே தட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"மூங்கில் ஒலித்தும் வராதது பண்பாட்டுக் குற்றம்!"

"வந்துட்டோமே சாமி. எல்லாரும் இங்கதானே உட்கார்ந்திருக்கோம்" என்றான் சவரி, இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு.

படைவீரர்களைத் தூக்கச் சொன்னார்கள். ஒருவன் இடம் இழுக்க ஒருவன் வலம் இழுக்க, வீடு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. சேர்ந்து தூக்குவதற்கு அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

அப்போது ஊர்வலத்திலிருந்து வெள்ளைத் தொப்பிச் சீமான் இறங்கி வந்தார். பேட்டைக்காரர்கள் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவருடைய மாளிகைக்கு ஆள் வருவதில்லை. இதயம் இதயம் என்று வாங்கிப் போட்டால் சுடுகாடு மாதிரி இருக்கிறதே என்று அவருக்கு ஏகப்பட்ட குறை. அவர் நின்று மூக்கை உறிஞ்சினார். வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த சனங்களைப் பார்த்தார். காற்றோட்டமான ஜன்னலைப் பார்த்தார். அமைச்சரிடம் திரும்பி, "அன்பான அண்டை வீட்டார், நல்ல சாப்பாடு, அகலமான சாலை. இந்த இடம் என்ன விலை?" என்று கேட்டார்.

அமைச்சர் பழக்கதோஷத்தில் ஒரு விலையைச் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் அது ராஜபாட்டை என்பது அவருக்கு உறைத்தது. முன்னோர்கள் போட்ட பாதை. அரசர் பட்டமேற்கப் போகும் பாதை. பல்லக்கின் பட்டுத்திரை விலகியது. அரசரின் முகம் வெளியே வந்தது. அமைச்சரின் தலை இன்றோடு போயிற்று என்று யானைப்பாகன்கூட நினைத்தான்.

அரசர் பாதையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"கொஞ்சம் கூட்டிச் சொல்லும்" என்றார்.

பவளம் அதைக் கேட்டாள். குழம்பில் கிடந்த அகப்பையை எடுத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். பல்லக்கை நேராகப் பார்த்தாள்.

"நாடு உங்களுதுன்னு நினைச்சுத்தானே இத்தனை நாளா எந்திரிச்சு எந்திரிச்சு வழி விட்டோம்? உங்களுக்கும் இது சரக்குதானா?" என்றாள். "இனிமே இந்த வீட்டுமேல கை வைக்கிறவன் எவனா இருந்தாலும், பல்லக்குல வந்தாலும் சரி, நடந்து வந்தாலும் சரி, கையை முறிச்சு அடுப்புல வச்சிருவேன்."

பாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் சோற்றை அப்படியே இலையில் விட்டுவிட்டு எழுந்தார்கள். சவரி முதலில் போய், படைக்கு முகம் காட்டி, அவள் வாசலுக்கு முன்னால் நின்றான். மற்றவர்கள் அவனை ஒட்டித் தோளோடு தோளாக நின்றார்கள். இந்தமுறை அவர்களை யாரும் மூங்கில் தட்டி அழைக்கவில்லை.