கோழியோடு ஏலம் போன ஆல்பம்

சக்குபள்ளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மைத்துனன் சிஜுவுக்கு,

அத்தான் மிக்கேல் எழுதுவது. இறைவன் அருளால் நானும் உன் அக்கா செபமாலையும் மூட்டுவலி தவிர மற்றபடி சுகம். சித்தூரில் உன் வீட்டாரும், உங்களோடு தங்கியிருக்கும் என் மகள் வினோவும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

வினோவும் அவள் கூட்டாளிகளும் 'ஈரக் குடை' என்று கிட்டார் குழு வைத்திருப்பது உனக்குத் தெரியும். இரண்டு வருடம் பாடுபட்டுப் பத்துப் பாட்டு முடித்து, 'மழைக்கு லீவு' என்று ஆல்பத்துக்குப் பெயரும் வைத்து, போன மாதம் இங்கே வந்தபோது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தாள். "அப்பா, இதுதான் எங்க முதல் ஆல்பம், பத்திரமா இருக்கட்டும்" என்றாள். நம் வீட்டில் முதலாவது எதுவானாலும் கோயிலுக்குப் போகும். முதல் ஏலக்காய் போயிருக்கிறது, பசு முதல் ஈற்றில் கறந்த பால் போயிருக்கிறது, எனக்கு வந்த முதல் பென்ஷனில் மெழுகுதிரிகூடப் போயிருக்கிறது. பத்திரம் என்றால் புனிதர் செபஸ்தியாரைவிடப் பத்திரம் யார்? திருவிழாவன்று பெட்டியைக் காணிக்கைத் தட்டில் வைத்தேன். பூசை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள் என்பது அறுபது வருடமாகத் தெரிந்த எனக்கு அந்த ஒரு நிமிடம் மட்டும் தெரியாமல் போய்விட்டது. ஏலம் போட்ட லிபின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யாரும் கேட்காததால், "கோழியோட இதும் சேத்தி!" என்று கூவினான். கோழிக்காகக் கை தூக்கிய சுருளியம்மாள் இரண்டையும் கொண்டுபோனாள்.

போனால் போகட்டும், வேறு பெட்டி இருக்கும் என்றுதான் இருந்தேன். மறுநாள் வினோ போனில், "எங்க குழு கௌசிக்கோட லேப்டாப்ல டீ கொட்டிருச்சுப்பா, எல்லாப் பாட்டும் போச்சு. நல்லவேளை, வீட்ல ஒண்ணு இருக்கு. இருபதாம் தேதி பாட்டுக் கம்பெனிக்கு அனுப்பணும்" என்றாள். நான் "ம்" என்றேன்.

சுருளியம்மாள் வீட்டுக்கு ஓடினேன். அவள் மகன் டின்டு, கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிவரும் ஜீப் ஓட்டுகிறான். பெட்டியை அந்த ஜீப்பின் ஸ்டீரியோவில் சொருகி, வினோவின் பாட்டுகளை ஓடவிடுகிறான். திருப்பிக் கொடு என்றால் சுருளியம்மாள், "அண்ணே, சாமிக்குக் குடுத்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாகளா? எங் கோழி முட்டையிட வேணாமா?" என்கிறாள். பங்குச்சாமியிடம் முறையிட்டேன். அவரும் சுருளியம்மாள் கட்சி. சரியென்று நாலு நாளாக விடியற்காலை அதே ஜீப்பில் ஏறி, கம்பம் வரைக்கும் போய்த் திரும்பி, டின்டுவிடம் கெஞ்சிக்கொண்டே வருகிறேன். வளைவுகளில் கெஞ்சுவது சிரமம். ஜீப்பில் வரும் பெண்களோ, "வளையல் பெட்டியப் படியில உருட்டிவிட்ட மாதிரில்ல வாசிக்குது ஒங்க மக!" என்கிறார்கள். புகாரா பாராட்டா என்று தெரியவில்லை, ஆனால் மூன்றாவது பாட்டுக்கு எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

ஆகவே சிஜு, பெட்டி இனி வராது என்று நீதான் வினோவிடம் பக்குவமாகச் சொல்லவேண்டும். முதலில் சோறு போடு. மீனும் வை. பிறகு சொல். எனக்குத் தைரியம் இல்லை.

உன் பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை வரைந்து என் ஆசீரைச் சொல். மாதா உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
மிக்கேல்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வினோ கூப்பிட்டாள். ரிப்பேர் கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து பத்துப் பாட்டையும் மீட்டுவிட்டாராம். அவளிடம் நீ எதுவும் சொல்லவேண்டாம். மீன் மட்டும் போடு. சாயங்காலம் டின்டுவும் அம்மாவைச் சமாதானப்படுத்திப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். நான் வாங்கவில்லை, ஜீப்பிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் கெஞ்சினேன் என்று மேலே எழுதியது பொய். முதல் நாள் மட்டும்தான் கெஞ்சினேன், மற்ற நாளெல்லாம் பாட்டுக் கேட்கத்தான் போனேன். "அப்பாவுக்குப் புடிக்காது" என்று இந்த இரண்டு வருடத்தில் வினோ எனக்கு ஒரு பாட்டுகூடப் போட்டுக் காட்டியதில்லை. ஏழாவது பாட்டில் வரும் அப்பா நான்தான் என்கிறார்கள் ஜீப்புப் பெண்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நாளைக்கும் போய்க் கேட்டுப் பார்க்கிறேன்.