முன் அக்சலை மாற்றிக்கொண்டு மாப்பிள்ளை கேட்கப் போன கதை

ஒரு குடும்பஸ்தன் கெட்டுப்போவதற்குக் கள்ளும் சூதும் தேவையில்லை. சொந்தமாக ஒரு ஸ்பானர் செட்டும், கைபேசியில் கொஞ்சம் டேட்டாவும் இருந்தால் போதும். நான் அப்படித்தான் கெட்டேன்.

நான் ஒரு சித்திர ஆசிரியர். நாவற்குடாவில் மனைவி ரஜனியின் வீட்டில் குடியிருக்கிறேன். (எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். ஆகவே மாமியார் கண்ணில் படாமல் எந்த முட்டாள்தனத்தையும் செய்ய முடியாது.) வாவிக்கு அந்தப் பக்கம், வட்டை என்கிற வயல்வெளியில் கொஞ்சம் நிலம் இருந்தது. அந்தச் சேற்றில் ஓடுவதற்கென்று ஒரு பழைய ஃபோர் வீல் கெப், அதாவது பின்னாலும் இருக்கையுள்ள பிக்கப் வண்டி, வாங்கினேன். குட்டிக் கியரைப் போட்டால் நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கும். யானை மாதிரி வண்டி. யானையைப் போலவே தனக்குப் பிடித்த இடத்தில்தான் நிற்கும். கல்லடிப் பாலத்தின் நடுவில் பிரேக்கை மிதித்தால் பாலம் முடிந்த பிறகு நிற்கும். அதுவும் நேராக அல்ல, இடப்பக்கம் இழுத்துக்கொண்டு.

இந்த நிலையில்தான் மச்சாள் கலாவுக்கு மாங்கேணியில் ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. கலா ரஜனியின் தங்கை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். அதற்கு முன்பு பேசிவந்த சம்பந்தங்கள் ஒன்று சாதகத்திலும், ஒன்று சீதனமாகக் கொடுக்கிற வீட்டின் அளவிலும், இன்னொன்று யாருக்கும் விளங்காத ஒரு காரணத்திலும் குழம்பிப்போயிருந்தன. இதுவும் குழம்பினால் இனி ஒரு வீட்டுப் படியும் ஏறமாட்டேன் என்று மாமி சொல்லிவிட்டார். மாமா இல்லாத வீடு. மூத்த மருமகன் என்ற வகையில் ஆண் துணை நான்தான். ஆகவே வண்டியும் என்னுடையதுதான் என்று நானே முடிவெடுத்தேன்.

“வேன் ஒண்டு பிடிப்பம் மருமகன்,” என்றார் மாமி. “உங்கட கெப்பில ஏறினா மாப்பிள்ளை வீட்டில நிக்காது. திருகோணமலையிலதான் நிக்கும்.”

ரஜனி சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

“பிரேக்க மாத்திக் காட்டிறன் மாமி,” என்றேன்.

ஏறாவூரில் என் பள்ளித் தோழன் நியாஸ் பழைய வாகனங்களைக் கழற்றிச் சாமான் விற்கிறான். அவனிடம் போனேன். என் வண்டியின் முன் சில்லுகளில் இருந்தது பழங்காலத்து ட்ரம் பிரேக். அவன் காட்டியதோ டிஸ்க் பிரேக் பூட்டிய முழு முன் அக்சல். இரண்டு சில்லையும் இணைக்கிற அந்தப் பெரிய இரும்பு வாழைத்தண்டை அப்படியே தூக்கிப் பூட்டவேண்டியதுதான்.

“மச்சான், இதப் பூட்டினா குறுக்கால ஈ போனாலும் வண்டி நிக்கும்,” என்றான்.

“என்ர கெப்புக்குச் சரிவருமா?”

“சரிவராத சாமான் எண்டு ஒண்டு இல்ல மச்சான். வரப்பண்ணணும்.”

தத்துவத்தில் மயங்கிச் சாமான் வாங்கக்கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வீட்டு மாமரத்தடியில் வேலை தொடங்கியது. பழைய அக்சலைக் கழற்ற நானும் நியாஸும் பட்ட பாட்டைப் பார்த்து அயல் சனம் கதிரை கொண்டுவந்து உட்கார்ந்தது. புதியதைப் பூட்டி முடித்ததும் நியாஸ் தொழுகைக்கு நேரமாகிறது என்று நழுவிவிட்டான். பிரேக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் வேலை எனக்கும் ரஜனிக்கும் வந்தது. அவள் மேலே இருந்து பிரேக்கை மிதிப்பாள், நான் கீழே படுத்துக் காற்று ஓட்டையின் ஆணியைத் திறப்பேன்.

“அமத்து!”

“அமத்திற்றன்.”

“பிடி!”

“எதப் பிடிக்கிற?”

“காலத்தான்!”

“என்ர காலயா?”

எண்ணெய் என் முகத்தில் பீய்ச்சியடித்ததே தவிர, காற்றுப் போகவில்லை. பொழுது சாயும்போது ரஜனி இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். “இஞ்சேருங்க, காத்து மேலதானே போகும்? நீங்க துறக்கிற ஓட்டை கீழால இருக்கு?”

பார்த்தேன். அக்சலைத் தூக்க வசதியாகக் கழற்றிவைத்த பிரேக்குகளில் வலப்பக்கத்தை இடப்பக்கமும் இடப்பக்கத்தை வலப்பக்கமுமாகத் தலைகீழாகப் பூட்டியிருந்தோம். (இதை ‘நியாஸின் பிழை’ என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன். பூட்டியது நான்.)

திருப்பிப் பூட்டியதும் பிரேக் கல்லுப்போலப் பிடித்தது. பிறகு சித்திர ஆசிரியர் விழித்துக்கொண்டார். அக்சலுக்கு வெள்ளி நிறமும் பிரேக்குக்குச் சிவப்பும் அடித்தேன். குனிந்து பார்த்தால் அம்மன் கோயில் சப்பரம் மாதிரி இருந்தது.

நல்ல நேரத்தில் புறப்பட்டோம். எனக்குப் பக்கத்தில் பலகாரத் தட்டத்தை மடியில் ஏந்தியபடி மாமி. பின்னால் ரஜனியும் கலாவும். கல்யாணப் பெண் போகக்கூடாது என்று மாமி எவ்வளவோ சொல்லியும், “கட்டப்போறது நான்தானே? நானும் வாறன்,” என்று கலா ஏறிவிட்டாள்.

வழியெல்லாம் பிரேக் பிடித்துக் காட்டினேன். மாட்டுக்குப் பிடித்தேன், கோழிக்குப் பிடித்தேன். ஓட்டமாவடி தாண்டியபோது ஒன்றுக்கும் இல்லாமலே பிடித்தேன். பயற்றம் பணியாரம் ஒன்று பறந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

“மருமகன்,” என்றார் மாமி, “நிக்குது எண்டு விளங்கிற்று. இனி ஓடவும் விடுங்க.”

மாங்கேணியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற பாதை மணல். சில்லு புதையத் தொடங்கியதும் என் நெஞ்சு நிமிர்ந்தது. “இதுக்குத்தான் ஃபோர் வீல்,” என்று குட்டிக் கியரைப் போட்டேன். வண்டி உறுமி, முனகி, ஒருவாறு ஏறியது. மணல் முடிந்து கொங்கிறீட் ஒழுங்கை வந்தது. கியரை எடுத்திருக்கவேண்டும். ஆனால் மாப்பிள்ளை வீட்டு வாசலில் சனம் நின்றது. நான்கு சில்லிலும் போய் இறங்கவேண்டும் என்று ஆசை.

வண்டி கெந்தத் தொடங்கியது. முன்சில்லு ஒரு வேகம், பின்சில்லு ஒரு வேகம். ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளித் துள்ளிப் போனது. டயர் கீச்சிட்டது. மாமி “முருகா” என்றார். அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். எதுவோ கழன்று கொங்கிறீட்டில் இழுபட்டது. நான் பயத்தில் பிரேக்கை மிதித்தேன். பிரேக் பிடித்தது. மிக நன்றாகப் பிடித்தது. தட்டம் முழுவதும் மாமியின் சேலையில் கவிழ்ந்தது. வண்டி சரியாக வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

மாப்பிள்ளையின் தாய் ஓடிவந்து பெண்களை முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். நான் வெட்கத்தில் முகம் காட்ட முடியாமல் வண்டிக்கு அடியில் புகுந்தேன். முன்சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீண்ட இரும்புத் தண்டு முறிந்து தொங்கியது. மறுபக்கத்தால் ஒரு இளைஞன் ஊர்ந்து வந்தான்.

“நான்தான் ரமணன். மாப்பிள்ளை,” என்றான் படுத்தபடியே.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். வெள்ளைச் சேட்டுப் போட்டபடியே கீழே வந்திருந்தான். அக்சலைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுப்படியில் கத்திப் பழகிய குரலில் கேட்டான்:

“அண்ணன், பல்லு எண்ணிப் பார்த்தீங்களா?”

“இல்லத் தம்பி. வெளியால பார்க்க வடிவா இருந்திச்சு.”

“மேலால பூசி மினுக்கித்தான் இருக்கு. உள்ளுக்கெல்லோ பிழை! ஏமாந்திற்றீங்க அண்ணன். இது சரிவராது. திருப்பி அனுப்புங்க.”

விஷயம் இதுதான். அக்சலுக்குள்ளே பல்லுச் சக்கரங்கள் இருக்கின்றன. முன் அக்சலின் பல்லுக் கணக்கும் பின் அக்சலின் பல்லுக் கணக்கும் ஒத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் நான்கு சில்லையும் சேர்த்தவுடன் ஒன்றையொன்று பிடித்து இழுத்து, எதையாவது முறித்துவிடும். ஆனால் முற்றத்திலிருந்த மாமிக்கு அக்சல் தெரியவில்லை. பல்லும், பூச்சும், திருப்பி அனுப்புவதும்தான் கேட்டன.

கதிரை விழுகிற சத்தம் கேட்டது.

“என்ர புள்ள என்ன மாடா, பல்லு எண்ணி வாங்க?” மாமியின் குரல் ஒழுங்கை முழுக்க ஒலித்தது. “இவன் ஆரு திருப்பி அனுப்பச் சொல்ல? கேட்டுக்கொண்டு கிடக்கிற மருமகனும் ஒரு ஆம்பிளையா? ஒழும்பு கா ரஜனி, போவம்!”

நான் பதறி எழும்பினேன். (வண்டிக்கு அடியில் இருப்பதை மறந்து. அந்தத் தழும்பு நெற்றியில் இருக்கிறது.) ரமணன் வெளியே வந்தான். சேட்டில் கிறீஸ், மூக்கில் கிறீஸ், கையில் முறிந்த இரும்பு.

“மாமி, நான் அக்சலைத்தான் சொன்ன,” என்று இரும்பை உயர்த்திக் காட்டினான். “நானும் ஒருக்கா இப்படி எண்ணாம மாத்தி முறிச்ச. என்ர ஜீப் வீட்டுக்குப் பின்னால கோழிக்கூடா நிக்குது. வேணுமெண்டா வந்து பாருங்க.”

மாமி நம்பவில்லை. கோழிக்கூட்டைக் காட்டிய பிறகும் பாதிதான் நம்பினார். ஸ்டியரிங்கில் ஒரு சேவல் இருந்தது.

அப்போதுதான் கலா முன்னே வந்தாள். அதுவரை சிரிப்பை அடக்கி அடக்கி முகம் சிவந்திருந்தது. ரமணனுக்கு முன்னால் நின்று வாய் நிறையச் சிரித்துக் காட்டினாள்.

“எண்ணிப் பாருங்க,” என்றாள். “ஒண்டும் குறையாது.”

ரமணன் எண்ணவில்லை. கையிலிருந்த இரும்பைத் தன் காலில் போட்டுக்கொண்டான். அவன் தாய் உள்ளே ஓடித் தேத்தண்ணி ஊற்றினார். சம்பந்தம் முடிந்தது. நாங்கள் வேன் பிடித்து வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் வேன் நின்றபோது மாமி என்னைப் பார்த்து, “நல்ல பிரேக்,” என்றார்.

பிறகு நியாஸ் பல்லுக் கணக்கு ஒத்த வேறொரு அக்சல் தேடித் தந்தான். கெப் இன்றும் ஓடுகிறது, நிற்கவும் செய்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் யார் எதை வாங்கினாலும், யாருக்கு எந்த இடத்தில் சம்பந்தம் பேசினாலும், முதலில் என்னைப் பார்த்து ஒரு கேள்வி வரும்: “பல்லு எண்ணினதா?” கடையில் தேங்காய் வாங்கினாலும் அதே கேள்விதான்.

போன மாதம் கலாவின் மகளுக்கு முதல் பால்பல் விழுந்தது. அன்று மாலையே தொலைபேசி வந்தது. பின்னால் ரமணன் சிரிக்கிற சத்தம். முன்னால் பிள்ளையின் அழுகுரல்:

“பெரியப்பா, எண்ணிப் பார்த்தாங்களாம், ஒண்டு குறையுதாம். என்னத் திருப்பி அனுப்பப் போறாங்களாம்!”

நான் வாயைத் திறக்குமுன் மாமி கைபேசியைப் பறித்துப் பேத்தியைக் கொஞ்சிக் கூப்பிட்டார்.

“அனுப்பச் சொல்லு மனே! எனக்கு வேணும்!”