கண்ணாடிக்கு மட்டும் குளிர்காற்று

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மெத்தைக்கடைக்காரரின் பழைய பிக்கப் மட்டும் வைப்பரை மும்முரமாக ஆட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது.

"என்ன சார், உங்க வண்டிக்கு மட்டும் தனியா மழை பெய்யுதா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

மெத்தைக்கடைக்காரர் வண்டியை வாசலில் நிறுத்தி, முகத்து வியர்வையைத் துடைத்தார். ஏசியைப் போட்டால் காற்று ஜில்லென்றுதான் வந்தது; அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் வந்த காற்று மொத்தமும் முன்கண்ணாடிக்கே போய்ச் சேர்ந்தது. காற்றின் திசையை மாற்றும் திருகை முகத்துக்குத் திருப்பினாலும் கண்ணாடி, காலுக்குத் திருப்பினாலும் கண்ணாடி. அது குளிர்ந்துபோய் வெளிப்பக்கம் ஆவி படிந்து, ரோடே தெரியாமல் போய்விடும். அதற்குத்தான் வைப்பர். உள்ளே உட்கார்ந்திருந்தவரோ அவிந்துகொண்டிருந்தார்.

இத்தனைக்கும் போன கோடையில் குடும்பத்தோடு சொந்தக்காரர் வீட்டுக்கு நெடுந்தூரம் போய் வந்தபோது ஏசி அருமையாக ஓடியது. திரும்பி வந்த மறுநாள் தொடங்கியது இந்தக் கூத்து.

இதுநாள் வரை அவர் பொறுத்துக்கொண்டார். இனி முடியாது. நாளைக் காலையில் மகள் வெளியூர் வேலைக்குப் போகிறாள். கட்டில், பீரோ, அவரே பார்த்துப் பார்த்துத் தைத்த மெத்தை எல்லாம் வண்டியின் பின்னால். அவரும் மனைவியும் மகளும் முன் சீட்டில். இனி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து எப்போது ஓட்டப்போகிறோமோ என்று அவர் நினைத்துக்கொண்டே இருந்தார். புது ஊரில் அவள் வியர்த்து வழிந்து, வதங்கிப்போய் இறங்கக் கூடாது. ஜில்லென்று கொண்டுபோய் இறக்க வேண்டும். ஒரு அப்பன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

"ஏசி எதுக்குங்க இப்ப?" என்றாள் மனைவி. "கண்ணாடியை இறக்கி விட்டா சிலுசிலுன்னு காத்து வரப்போகுது."

"ஆமாப்பா. எனக்கு வெளிக்காத்துதான் பிடிக்கும்" என்றாள் மகள், துணிகளை மடித்தபடியே.

அவர் உருகிப்போனார். தனக்குச் சிரமம் வரக் கூடாது என்று இரண்டு பேரும் எப்படி விட்டுக்கொடுக்கிறார்கள்! இப்படிப்பட்ட குடும்பத்துக்காக ஒரு ஏசியைச் சரி செய்ய முடியாதா என்ன?

முதலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார். மெத்தை தைக்கிற நீள ஊசியை எடுத்து, முகத்துக்கு நேரே காற்று வருகிற துவாரத்துக்குள் விட்டுக் குடைந்தார். அடைப்பு எதுவும் வரவில்லை. துவாரத்தின் பிளாஸ்டிக் பட்டைகள்தான் ஒவ்வொன்றாகக் கழன்று கையோடு வந்தன.

"என்னங்க, ஏதோ உடைஞ்ச மாதிரி சத்தம் கேட்டுச்சே?"

"உடையலை. கழட்டி வச்சிருக்கேன்."

அடுத்து அவருடைய தொழில் மூளை வேலை செய்தது. கண்ணாடிக்குப் போகிற வழியை அடைத்துவிட்டால் காற்று வேறு எங்கே போகும்? முகத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்? கடையிலிருந்து ஸ்பாஞ்சுத் துண்டுகளை அள்ளி வந்து, தலையணைக்குத் திணிக்கிற அதே கைநேர்த்தியோடு கண்ணாடியடித் துளையில் திணித்தார். காற்று காலுக்குப் போனது. காலடியிலும் திணித்தார். டாஷ்போர்டு அறை தானாகத் திறந்துகொண்டு, உள்ளே இருந்த பழைய பார்க்கிங் சீட்டுகளெல்லாம் பறந்தன.

"பறக்கட்டும். காத்து வழிக்கு வந்துக்கிட்டு இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

குனிந்து, முகத்துக்கு நேரான துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே எங்கேயோ கர்ர்ரென்று ஒரு சத்தம். திணித்த ஸ்பாஞ்சு நழுவி ஃபேனுக்குள் விழுந்திருந்தது. மறுகணம் மஞ்சள் ஸ்பாஞ்சுத் தூள் ஒரு கூடை அளவுக்கு அவர் முகத்தில் வந்து அடித்தது.

மகள் வாசலுக்கு வந்து பார்த்தாள். புருவம், மீசை எல்லாம் மஞ்சள்.

"அப்பா! போதும்பா, விட்டுடுங்க!"

"பார்த்தியா, காத்து முகத்துக்கு வந்துடுச்சு" என்றார் தும்மிக்கொண்டே.

ஃபேனுக்குள் போன ஸ்பாஞ்சை எடுக்க வேண்டுமானால் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும். கழற்றினார். எடுத்தார். மறுபடி பூட்டினார். பூட்டிய பிறகும் ஒரு கைப்பிடி திருகாணிகள் மிச்சம் இருந்தன. வண்டி செய்தவர்கள் தாராளமாகப் போட்டிருப்பார்கள் என்று அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஏசியைப் போட்டு, திருகை முகத்துக்குத் திருப்பினார். ஹார்ன் அடித்தது.

காலுக்குத் திருப்பினார். இன்னும் பலமாக அடித்தது. காற்று வழக்கம்போலக் கண்ணாடிக்கே போனது.

"யாருக்கு சார் வழி விடணும்?" என்றார் எதிர்வீட்டுக்காரர், மாடியிலிருந்து எட்டிப் பார்த்து.

மெத்தைக்கடைக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கட்டி வைத்த பெட்டிகள் வாசலில் வரிசையாக நின்றன. இதுவரை இருந்தது ஏசிக் கோளாறு. இப்போது ஹார்னும் சேர்ந்துகொண்டது. மனைவி டீயைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மெக்கானிக் தம்பியைக் கூப்பிடப்போறேன்" என்றார்.

"ஐயோ, அவரை எதுக்குங்க? பாவம், அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்று பதறினாள் மனைவி.

மற்றவர்களின் சிரமத்தைக்கூட இவள் எப்படி நினைக்கிறாள் என்று அவர் இன்னொரு முறை உருகினார். உருகிக்கொண்டே போன் போட்டார்.

தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வந்ததும் உரசிக்கொண்டிருந்த ஒரு வயரை விலக்கி வைத்தான். ஹார்ன் வாயை மூடியது. மிச்சத் திருகாணிகளை அவருடைய சட்டைப்பையிலிருந்து வாங்கி உரிய இடங்களில் முடுக்கினான்.

"ஹார்ன் சரியாயிடுச்சு. நான் கிளம்பட்டுமாண்ணே?"

"ஏசி?"

மெக்கானிக் வீட்டு வாசலைப் பார்த்தான். அங்கே மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, போன வருஷமே சொன்னேனே. பழைய வண்டி. அது அப்படித்தான் இருக்கும். கண்ணாடியை இறக்கி விட்டுட்டு ஜாலியா போங்க."

"தம்பி" என்றார் மெத்தைக்கடைக்காரர். "நாளைக்கு எம்பொண்ணு போறா. இனிமே லீவு கிடைச்சாத்தான் வருவா. இந்த ஒரு தடவை அவளைச் சுகமா கூட்டிட்டுப் போகணும். நான் கேக்குறது அவ்வளவுதான்."

மெக்கானிக்கின் முகம் இளகிவிட்டது. வாசலைப் பார்த்து, 'நான் என்ன செய்ய' என்பதுபோல் கையை விரித்தான். பிறகு என்ஜின் மூடியைத் தூக்கினான். தேடக்கூட இல்லை. உள்ளே கையை விட்டு, ஒரு மெல்லிய ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையில் சொருகினான்.

"இந்தக் குழாய் வழியா என்ஜின் உறிஞ்சுறதுலதான்ணே உள்ள இருக்கிற தடுப்பு திரும்பும். இது கழண்டுட்டா காத்து கண்ணாடிக்குத்தான் போகும். இப்ப போட்டுப் பாருங்க."

மெத்தைக்கடைக்காரர் ஏறி உட்கார்ந்து ஏசியைப் போட்டார். பட்டையில்லாத துவாரத்திலிருந்து குளிர்காற்று நேராக முகத்தில் வந்து மோதியது. மீசையில் ஒட்டியிருந்த கடைசி மஞ்சள் தூளும் பறந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நாளைய பயணம் அப்படியே கண்முன் ஓடியது. மகளின் முடி பறக்காது. மனைவி தோளில் சாய்ந்து தூங்குவாள். தானும் போன கோடைப் பயணத்தில் செய்ததுபோல மனம்விட்டு நாலு பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டலாம். கண்ணாடி இறங்கியிருந்தால் அவருக்குப் பாடக் கூச்சம். பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது அந்தக் கவலை இல்லை. கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு, தொண்டையைச் செருமி, உச்சத்தில் ஒரு பாட்டை எடுத்து விட்டார். பாதிப் பாட்டில்தான், உதவி செய்தவனுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று உறைத்தது. பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

மெக்கானிக் வண்டிக்கு முதுகைக் காட்டியபடி, வாசலருகே குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தான்:

"அண்ணன் பாட ஆரம்பிச்சுட்டாரு அண்ணி. போன தடவை நீங்க சொன்ன மாதிரியே, அவர் தூங்கினதும் வந்து குழாயைக் கழட்டி விட்டுடட்டுமா?"